ஹூட்டி பாடகர் கன்ட்ரிக்குப் போனது பிழைப்புக்காகவா?

பழைய கேசட்

இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து யூடியூபை ஓட விட்டேன். அது பாட்டுக்கு ஒன்றை முடித்து இன்னொன்றைப் போட்டுக்கொண்டே வரும் இல்லையா, சமயநல்லூர் தாண்டும்போது ஒரு பாட்டு வந்தது. ஃபிடில், பாஞ்ஜோ, கூடவே கை தட்டத் தோன்றுகிற தாளம், அப்பட்டமான கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட பாட்டு வகை. எனக்குக் கன்ட்ரி ஒத்துவராது, மாற்றப் போனேன். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, சந்தைக் கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படித் திரும்ப வைத்துவிட்டது. தெரிந்த குரல், யார் என்று மட்டும் பிடிபடவில்லை. வாடிப்பட்டி வந்த பிறகுதான் பொறி தட்டியது. திரையைப் பார்த்தால் டேரியஸ் ரக்கர், பாட்டு வேகன் வீல். 90களின் அமெரிக்க ராக் பேண்டு, நம்ம ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் ஆள்!

1996இல் ஹாஸ்டலில் ஒரு சீனியர் சென்னையிலிருந்து அவர்களுடைய கிராக்ட் ரியர் வியூ ஆல்பத்தின் கேசட் கொண்டுவந்தார். அதை வெற்றுக் கேசட்டில் பதிந்து, பதிந்ததிலிருந்து இன்னொன்று பதிந்து, கடைசியில் என் கைக்கு வந்தது பாதி பாட்டும் பாதி இரைச்சலுமாக இருந்தது. அப்படியும் தேயத் தேயக் கேட்டோம். நாடா மாட்டிக்கொண்டால் பென்சில் விட்டுச் சுற்றியவர்களுக்குப் புரியும்.

தேடிப் பார்த்தால் மனிதர் 2008லிருந்தே கன்ட்ரிதானாம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் மச்சினனிடம் சொன்னேன், அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "ராக் போணியாகல, கடையை மாத்திட்டாரு." அவ்வளவுதானா விஷயம்? ஒருத்தர் பத்திருபது வருஷம் ஒன்றைப் பாடிவிட்டுத் திடீரென்று இன்னொன்றுக்குப் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? நாம் உயிராகக் கேட்டது அப்போது பொய்யா? கன்ட்ரி என்பதே நம்ம ஊர் கிராமியப் பாட்டு மாதிரிதானே, ராக் பாடுகிறவருக்கு அங்கே என்ன வேலை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர் கிட்டார்

அண்ணே, முதல்ல ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் இரைச்சல் கேசட்டில் இருந்ததே பாதி கன்ட்ரிதான். இப்போது நல்ல ஹெட்ஃபோன் மாட்டி அதிலிருக்கிற லெட் ஹெர் க்ரை பாட்டைக் கேளுங்கள். ராத்திரி, குடி, விட்டுப் போகிற பெண், உட்கார்ந்து புலம்புகிற ஆண், அடியில் அக்கூஸ்டிக் கிட்டார். இதில் ராக் எங்கே இருக்கிறது? டிரம்ஸ் அடிக்கிற விதத்திலும் நடுவில் வருகிற எலக்ட்ரிக் கிட்டாரிலும் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு 1996இல் கிராமி கொடுத்தபோது பாப் பிரிவில்தான் கொடுத்தார்கள்.

நான் பதினெட்டு வருஷமாக மதுரைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கிறவன். என் அனுபவத்தில் ஒரு பாட்டு எந்த வகை என்று கேட்கிறவருக்குச் சொல்வது பாடுகிறவர் இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். ஒரே மெட்டுக்கு நாங்கள் பேடு வைத்து அடித்தால் அது சினிமாப் பாட்டு. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு அதே மெட்டை உறுமி, பம்பைக்காரர்களோடு சேர்ந்து வாசித்தோம், முன்வரிசையில் இருந்த பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பாடகர் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை.

ரக்கர் விஷயத்திலும் அதுதான். குரல் அதே கனத்த பாரிட்டோன், எழுத்தை மென்று இழுக்கிற அதே உச்சரிப்பு. அது தெற்கு கரோலினா வாய், ஆள் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். மாறியது சுற்றியிருந்த வாத்தியம். ஃபிடில் வந்தது, பெடல் ஸ்டீல் வந்தது.

பெடல் ஸ்டீல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மாட்டேன். எங்கள் தாத்தா செல்லூரில் குழித்தறி நெய்தவர். முதல் தடவை ஒருத்தர் பெடல் ஸ்டீல் வாசிக்கிற வீடியோவைப் பார்த்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. மேஜை மாதிரி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், 10 கம்பி படுத்துக் கிடக்கிறது, இடது கையில் ஒரு இரும்பு உருளை, வலது கை மீட்டுகிறது, காலடியில் மிதிகள், முழங்காலுக்கு இரண்டு பக்கமும் நெம்புகள். கையும் காலும் ஒரு தாளத்தில் ஒன்றாக ஓடினால்தான் நெசவு, கொஞ்சம் பிசகினால் இழை அறுந்துவிடும். இதில் நுட்பம் எங்கே என்றால், மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும்போது மிதியை அழுத்தினால் இரண்டு அப்படியே நிற்கும், ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே போகும். அந்த ஒரு வழுக்கலில்தான் கன்ட்ரியின் அழுகை முழுவதும் இருக்கிறது. நானும் எங்கள் கீபோர்டு தம்பியும் ஒரு கல்யாண ரிசப்ஷனில் இதைக் கீபோர்டில் கொண்டுவரப் பார்த்தோம். பிட்ச் வீலை உருட்டினால் மூன்று ஸ்வரமும் சேர்ந்து வழுக்கியது. டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் மேடைக்கு வந்து, கரண்டு குறைவாக வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதனால் ஆள் மாறிவிட்டார் என்று வருத்தப்படாதீர்கள். தறி மாறியது, நூல் அதேதான்.

கணக்குப்பிள்ளை

செல்லூர்க்காரர் அழகாக எழுதுகிறார், ஆனால் காசுக் கணக்கைத் தொடவே இல்லை. அந்த மச்சினன் சொன்னதில் பாதி சரி என்பது என் கட்சி.

கிராக்ட் ரியர் வியூ 1994 ஜூலையில் வந்தது. 1995இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான், இன்றைக்குக் கணக்குப் பார்த்தால் அங்கே மட்டும் 2 கோடிக்கு மேல் என்று சான்றிதழ் இருக்கிறது. அடுத்த ஆல்பம் 1996இல் முதலிடத்தில் வந்து இறங்கியது, ஆனால் விற்பனை முதலாவதில் ஒரு சிறு பங்குதான். அதற்கப்புறம் ஒவ்வொன்றும் படி இறக்கம். வானொலியில் காது புளிக்கும்வரை போட்டுத் தீர்த்துவிட்டு, பிறகு அந்தப் பெயரே கிண்டலாகிவிட்டது. 2002இல் ரக்கர் தனியாக ஒரு ஆர்அண்ட்பி (கறுப்பினத்தவர் வளர்த்த பாட்டு வகை) ஆல்பம் போட்டார். எத்தனை பேருக்குத் தெரியும்? யாரும் சீந்தவில்லை. அப்புறம்தான் 2008இல் கன்ட்ரியின் தலைநகரான நாஷ்விலில் இருக்கிற கேபிடல் நாஷ்வில் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம். அதாவது கன்ட்ரி என்பது அவர் தட்டிய இரண்டாவது கதவு, இதைக் காதல் கதையாக எழுத வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பாதையில் நடந்த முதல் ஆள் இவர் இல்லை. கான்வே ட்விட்டி 1958இல் ராக் அண்ட் ரோலில் முதலிடம் பிடித்தவர். 60களின் நடுவில் கன்ட்ரிக்கு வந்தார். ராக்காரன் பாட்டை எதற்குப் போடுவது என்று வானொலிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், கடைசியில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரிப் பாட்டு வரிசையில் அவருடைய 40 பாட்டு முதலிடம். ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவைப் போட்டு உதைத்து ஆடியவர், சொந்த வாழ்க்கைச் சர்ச்சையில் பெயர் கெட்டு, 1968இல் கன்ட்ரியில்தான் எழுந்து உட்கார்ந்தார். ராக் பாடகர் பான் ஜோவி 2006இல் கன்ட்ரிப் பாடகி ஜெனிஃபர் நெட்டில்ஸோடு ஒரு பாட்டுப் பாடி கன்ட்ரி வரிசையில் முதலிடம் வாங்கினார். ஏரோஸ்மித் ராக் பேண்டின் ஸ்டீவன் டைலர் 2016இல் ஒரு கன்ட்ரி ஆல்பம் போட்டார், வந்த வேகத்தில் திரும்பினார்.

காரணம் எளிது. ராக் கேட்கிற இளைஞன் அடுத்த மாதம் வேறொன்றுக்குத் தாவுவான். கன்ட்ரி கேட்கிறவர்கள் ஒருத்தரைப் பிடித்துப்போனால் கிழவனாகும்வரை விடமாட்டார்கள், வீட்டில் ஒருத்தராகவே வைத்துக்கொள்வார்கள். நாற்பது தாண்டிய பாடகருக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

மீனா, திருநகர்

கணக்குப்பிள்ளை சார், லாபம் பார்த்துத்தான் போனார் என்றால் அவர் தேர்ந்தெடுத்த கடை அந்த ஊரிலேயே ஆபத்தான கடை. அவர் கறுப்பினத்தவர் என்பதை நீங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கேள்வியின் நடுத்தண்டே அங்கேதான் இருக்கிறது.

2008இல் ரக்கர் வருவதற்கு முன்னால் கன்ட்ரி வரிசையில் தனியாகப் பாடிக் கடைசியாக முதலிடம் வந்த கறுப்பினப் பாடகர் சார்லி பிரைட், அது 1983இல். நடுவில் 25 வருஷம். (1985இல் ரே சார்லஸ் வில்லி நெல்சனோடு சேர்ந்து பாடியது உண்டு, அது ஜோடிப் பாட்டு.) அந்த சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டுகளை 1966இல் வானொலிகளுக்கு அனுப்பியபோது நிறுவனம் போட்டோ வைக்காமல் அனுப்பியது. குரலைக் கேட்டுப் பிடித்துப்போன பிறகு முகத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று. ரக்கருக்கு அந்த வசதியும் கிடையாது, முகம் உலகத்துக்கே தெரிந்த முகம். எங்கள் நேயர்கள் ஒரு கறுப்பினக் கன்ட்ரிப் பாடகரை ஏற்க மாட்டார்கள் என்று வானொலி நிலையத்தில் நேருக்கு நேர் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோடிக்கணக்கில் விற்ற ஆள், 42 வயதில், ஒவ்வொரு ஊர் வானொலி நிலையமாகக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய், புதுப் பையன் மாதிரி உட்கார்ந்து பாடிக் காட்டினார். மற்றவர்கள் கச்சேரிக்கு முன்னால் கூட்டம் சேர்க்கப் பாடுகிற ஆளாகவும் போனார். முதல் ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டும் முதலிடத்துக்கு வந்தன. 2009இல் கன்ட்ரி சங்கத்துக்காரர்கள் 'புதுமுகக் கலைஞர்' விருது கொடுத்தார்கள். சிரிப்பாக இல்லையா, 1996இலேயே கிராமியில் சிறந்த புதுமுகம் வாங்கியவருக்கு!

இதில் எனக்கு அதிகம் வலிப்பது என்னவென்றால், அந்த வீட்டைக் கட்டியதில் அவர் முன்னோர்களுக்கும் பங்கு உண்டு. பாஞ்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியத்தின் வழி வந்தது. கன்ட்ரியின் பெரும் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்கிற கறுப்பினத் தெருப்பாடகர். கன்ட்ரியின் முன்னோடிக் குழுவான கார்ட்டர் குடும்பத்துக்காக மலையூர்களில் சுற்றிப் பாட்டுச் சேகரிக்கக் கூடவே போய் மெட்டை மனசில் பிடித்துவந்தவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். 1920களில் இசைத்தட்டு விற்ற நிறுவனங்கள்தான், கறுப்பினத்தவர் பாடினால் ரேஸ் ரெக்கார்ட்ஸ், வெள்ளைக்காரர் பாடினால் ஹில்பில்லி என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தன. ஒரே ஊர், ஒரே கிட்டார், சில சமயம் ஒரே பாட்டு. லேபிள் மட்டும் வேறு. அப்படிப் பிரித்ததில் அடுக்கு மாறி விழுந்தவர்களின் பேரப்பிள்ளை திரும்பி வந்ததைப் போய்க் கடை மாற்றினார் என்று சொல்வது எப்படி இருக்கிறது?

பழைய கேசட் சார் கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி நம்ம கிராமியப் பாட்டு மாதிரி இல்லை. வேர் அப்படி இருக்கலாம், இப்போது நாஷ்விலில் காலை பத்து மணிக்கு இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு, வேலைக்கு வருகிற மாதிரி வந்து எழுதிவிட்டுப் போகிற பாட்டுகள்தான் அதிகம். நம் பக்கத்தில் அதற்கு இணை வேண்டுமானால், கிராமத்துக் கதைப் படத்துக்கு ஏ.சி. அறையில் போடுகிற பாட்டைச் சொல்லலாம். நடவுப் பாட்டை யாரும் எழுதவில்லை. நான் கள்ளந்திரிப் பக்கம் ஒரு பாட்டியிடம் ஒப்பாரி பதியப் போனபோது, செத்தவர் யாரும் இல்லாமல் எப்படிம்மா அழுவது என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, தன் தம்பியை நினைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, இந்த அடி போன மாதம் வேறு மாதிரி வந்தது என்றார். அதற்கு ஆல்பமும் கிடையாது, முதலிடமும் கிடையாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா மாதிரி ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர்கள் இல்லையென்றால் அதில் பாதி இன்றைக்கு இருக்காது.

நையாண்டி

சீரியஸாகப் போகிறது, நடுவில் ஒரு திருத்தம். 'ஹூட்டி' என்பது ரக்கர் இல்லை, அவரை எல்லாரும் ஹூட்டி என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு மனிதர் அலுத்துப்போனார். காலேஜில் கூடப் பாடிய இரண்டு நண்பர்களுடைய பட்டப்பெயர்கள் அவை. ஒருத்தர் கண்ணாடி போட்டு ஆந்தை மாதிரி இருப்பார், இன்னொருத்தருக்குக் கன்னம் உப்பி மீன் மாதிரி இருக்கும். அந்த இரண்டு பேருமே பேண்டில் இல்லை! நம்ம ஊர் காலேஜில் வைத்திருந்தால் 'முட்டைக்கண்ணனும் பணியாரமும்' என்று வந்திருக்கும்.

வேகன் வீல் கதையும் நல்ல கதை. பாப் டிலன் 1973இல் ஒரு படத்துக்குப் பாட்டுப் பதியும்போது பல்லவியை மட்டும் அரைகுறையாக முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் துண்டு திருட்டுத்தனமாகச் சுற்றிச் சுற்றி, ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ குழுவின் கெட்ச் செகோர் கையில் கிடைத்தது. அவர் சரணம் எழுதிச் சேர்த்தார், 2004 ஆல்பத்தில் வந்தது, உரிமை ஆளுக்குப் பாதி. ரக்கர் அதை எங்கே பிடித்தார் தெரியுமா? மகள் பள்ளிக்கூட நிகழ்ச்சியில் வாத்தியார்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பாடினார்களாம். நம்ம ஊர் ஆண்டு விழாவில் பி.டி. சார் பாடுவாரே, அந்த மாதிரி. அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். 2013இல் பாடினார், அடுத்த வருஷம் கிராமி, இப்போது வைரச் சான்றிதழ், அதாவது ஒரு கோடிக்கு மேல். இதில் கூத்து என்னவென்றால், ஹூட்டி காலத்தில் ஒரு பாட்டில் டிலன் வரிகளை எடுத்துப் போட்டு, பிறகு டிலன் தரப்புக்குப் பணம் கட்டியதும் இதே ஆள்தான். ஒரு தடவை டிலனிடம் மாட்டினார், ஒரு தடவை டிலனால் பிழைத்தார்.

கணக்குப்பிள்ளை

மீனா அம்மா சொன்னதை ஏற்கிறேன். வானொலி நிலையம் நிலையமாகப் போன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. அதைவிட நல்ல இடம் ஏது என்று அவ்வளவு சுலபமாக எழுதியது தப்பு.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2019இல் ஹூட்டி குழு மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டது. வெளியிட்டது யார்? கேபிடல் நாஷ்வில்! கன்ட்ரிக் கம்பெனி. அப்போது ராக் பேண்டே கன்ட்ரிக் கடையில்தான் சரக்கு இறக்கியிருக்கிறது. 90களில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு கதை சொல்லிப் பாடிய அந்த மாதிரிப் பாட்டுக்கு ராக் வானொலியில் இடமே இல்லாமல் போய்விட்டது, அது அப்படியே நாஷ்விலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆள் நடந்து போனதில் பாதி, வேலி நகர்ந்ததில் பாதி. இதையும் வியாபாரம் என்றுதான் சொல்வேன், ஆனால் வேறு மாதிரி வியாபாரம்.

பழைய கேசட்

எல்லாருக்கும் நன்றி. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கேட்டது முழுக்க ரக்கருக்காக இல்லை.

அந்த ஹாஸ்டலில் எங்களுக்கு ஒரு பேண்டு இருந்தது. டிரம்ஸ் வாங்கக் காசில்லாமல் வாடகைக்கு எடுத்து, கல்ச்சுரல்ஸில் நாலு பாட்டுப் பாடி, இரண்டாவது பாட்டிலேயே மைக் போய், இருந்தாலும் அன்றைக்கு நாங்கள் ராஜா. பாடியவன் என் அறை நண்பன், ஊர் உசிலம்பட்டிப் பக்கம். லெட் ஹெர் க்ரை அவன் பாடினால் ஹாஸ்டல் வாட்ச்மேன்கூட நின்று கேட்பார். பிறகு அவன் மெல்லிசைக் குழு, கொஞ்ச நாள் துபாய், திரும்பி வந்து ஒரு மளிகைக் கடை என்று போனான். இரண்டு வருஷமாக ஒரு கிராமியக் கலைக் குழுவில் சேர்ந்து பாடுகிறான். மேல்சட்டை இல்லாமல் வேட்டி, தலையில் துண்டு, காலில் சலங்கை. அவன் அனுப்பிய வீடியோவை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் 'வேட்டி கட்டிய ராக்ஸ்டார்', 'உறுமி ராக்' என்று எழுதித் தள்ளினோம். முதலில் எழுதியது நான்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அன்று ராத்திரி குழுவை விட்டு வெளியேறிவிட்டான். அதிலிருந்து பேச்சு இல்லை, ஆறு மாதம் ஆகிறது.

அந்த பஸ்ஸில் ரக்கர் குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன்தான். மீனா அக்கா, நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை, கேட்கிறேன். காலேஜில் இங்கிலீஷ் பாட்டுப் பாடியவன் ஐம்பது வயதில் சலங்கை கட்டுவது வேஷம்தானே என்று அப்போது எனக்குப் பட்டது. இப்போது தெரியவில்லை.

மீனா, திருநகர்

திட்டவில்லை தம்பி. அவர் ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சலங்கை வேஷமா, கல்ச்சுரல்ஸில் நாலு பாட்டு வேஷமா? ரக்கரும் சின்ன வயதில் வீட்டில் கறுப்பின ஸோல் பாடகர் அல் கிரீன் பாட்டைக் கேட்டவர்தான், டி.வி.யில் ஹீ ஹா என்கிற கன்ட்ரி நிகழ்ச்சியை விடாமல் பார்த்தவரும்தான். 1992இல் கன்ட்ரிப் பாடகர் ராட்னி ஃபாஸ்டரின் ஒரு ஆல்பத்தைக் கேட்டபோதே, ஒரு நாள் கன்ட்ரி ஆல்பம் போட வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். ஹூட்டி ஆல்பம் வருவதற்கும் முன்னால். சிலருக்கு முதலில் வாய்த்தது ஒன்று, உள்ளே கிடந்தது இன்னொன்று.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். வந்தவர் கற்றுக்கொள்கிறாரா, இல்லை வந்த இடத்தில் தன் பழைய பெயரை வைத்து நாற்காலி கேட்கிறாரா? டைலர் ஒரு ஆல்பத்தில் திரும்பியதும் ரக்கர் 2012இல் நாஷ்விலின் பழம்பெரும் கன்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் உறுப்பினரானதும் எனக்கு அந்த வித்தியாசமாகத்தான் தெரிகிறது. உங்கள் நண்பர் குழுவில் மற்றவர்கள் பரம்பரையாக வாசிக்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களுக்குக் கூலி சரியாகப் போகிறதா, போஸ்டரில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஊர்த் திருவிழாவில் பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, பாடகருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். உறுமிக்காரர் விடிய விடிய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

பரவை முனியம்மா அம்மா பல வருஷம் ஊர் மேடைகளில் பாடிய பிறகு 2003இல்தான் தூள் படத்தில் ஊர் உலகத்துக்குத் தெரிந்தார். அவரை யாரும் ஏன் சினிமாவுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. மேலே ஏறினால் முன்னேற்றம், இங்கிட்டு வந்தால் மட்டும் இறக்கமா?

செல்லூர் கிட்டார்

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணே, அந்த வீடியோவை எனக்கு அனுப்பி வையுங்கள், முகத்தை மறைத்துக்கூட அனுப்புங்கள். நான் குரலை மட்டும் கேட்க வேண்டும். மேடையில் சினிமாப் பாட்டுப் பாடியவர்கள் நாட்டுப்புறத்துக்கு வந்தால் மாட்டிக்கொள்வது உச்ச ஸ்தாயியில். அங்கே மைக்கை நம்பாமல் திறந்து பாட வேண்டும், அடுத்த வயலுக்குக் கேட்க வேண்டும். அவர் அப்படித் திறக்கிறாரா, இல்லை லெட் ஹெர் க்ரை மாதிரியே தொண்டைக்குள் வைத்து உருட்டுகிறாரா?

பழைய கேசட்

உருட்டவில்லை. திறந்துதான் பாடுகிறான். நாங்கள் கிண்டல் பண்ணியதே அந்தக் கத்தலைத்தான்.

நேற்று ராத்திரி போன் அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், "சோலியைப் பாருடா" என்றான். அப்புறம் வேகன் வீல் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ், அந்தப் பல்லவி மெட்டில் இவனுடைய தெம்மாங்கு வரியைப் போட்டு, பின்னால் கடையில் யாரோ அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்பதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. அந்தத் தாளத்தில் நாலு கார்டும் அப்படியே உட்காருகிறது என்கிறான், எனக்குக் கார்டு எல்லாம் தெரியாது.

வெள்ளிக்கிழமை செக்கானூரணி தாண்டி ஒரு கிராமத்தில் நிகழ்ச்சியாம், பத்து மணிக்கு மேல்தான் ஏறுவார்கள். நான் போகிறேன். செல்லூர்த் தம்பி, நீங்களும் கிட்டாரோடு வர முடியுமா என்று கேட்கச் சொன்னான்.

செல்லூர் கிட்டார்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கிறது, ஒன்பதுக்கு முடிந்துவிடும், பைக்கில் வந்துவிடுகிறேன். அவர் எந்தச் சுருதி என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். உறுமியைக் காய்ச்சி ஏற்றிய பிறகு சுருதி மாற்றச் சொன்னால் அடிதான் விழும்.